நின்னுடுச்சு தம்பி

மொட்டை மாடியில் துணி காயப்போட இடமில்லாமல் போனது ஒன்றுதான், ஐயா, சோலார் போட்டதில் எனக்கிருந்த வருத்தம். மற்றபடி நல்ல திட்டம். செலவில் பாதி மானியமாகத் திரும்பி வரும், வரியிலும் கழிவு உண்டு என்று எனக்குச் சொன்னவரே லைன்மேன் தம்பிதான். கூடப் பிறந்தவர்கூட அப்படி அலைந்திருக்க மாட்டார். என் விண்ணப்பத்தை மேசை மேசையாகத் தள்ளி, பரிசோதனைக்கு அதிகாரியைக் கையோடு கூட்டிவந்தார். "சூரியனையே சம்பளமில்லாத வேலைக்கு வச்சிட்டீங்களேக்கா" என்று சிரிப்பார். அவர் மனைவிக்கு ரவிக்கை தைத்தால் நான் கூலி வாங்குவதில்லை. நன்றி கெட்டவள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

அதில் ஒரு விதி உண்டு. தெருவில் கரண்ட் போனால் நம் சோலாரும் தானாக நின்றுவிட வேண்டும். இல்லையென்றால் நம் கரண்ட் தெருக் கம்பிக்கு ஏறி, அங்கே வேலை செய்கிறவரை அடித்துவிடும். அதிகாரி முன்னால் அது ஒழுங்காகத்தான் நின்றது. மானியம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

நான் தையற்காரி. பள்ளிச் சீருடை தைக்கிற காலம். தலைக்கு மேல் வெயில் கொளுத்துகிறது, கீழே மெஷின் சும்மா கிடக்கிறது என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஓர் எலக்ட்ரீஷியனைப் பிடித்து, மாடியில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்து, அதிலிருந்து வீட்டு ஒயருக்கு நேராக ஓர் இணைப்புப் போட்டேன். யாராவது கம்பத்தில் ஏறினால் அதை உடனே கழற்றிவிட வேண்டும் என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். எனக்கு நன்றாகவே புரிந்தது.

அன்று காற்றில் ஒரு கிளை முறிந்து, எங்கள் வீட்டுக்கு வரும் கம்பி அறுந்துபோனது. நான் மாடி இணைப்பைப் போட்டேன். நாத்தனார் உள்ளே தைத்துக்கொண்டிருந்தாள். தம்பி ஏணியோடு வருவதைப் பார்த்ததும், பெடலிலிருந்து காலை எடுக்கச் சொல்லி அவளுக்குக் கண்ணைக் காட்டினேன்.

"அக்கா, சோலார் நின்னுடுச்சுல்ல?"

அதைக் கழற்ற நான் மாடிக்குப் போனால் எதற்கு என்று கேட்பார். இணைப்பைப் பார்த்துவிட்டால், இலாகா ஆள், மேலே சொல்லத்தானே வேண்டும்? மானியம் போய்விடும். அபராதம் வேறு.

"நின்னுடுச்சு தம்பி."

மெஷின் நின்றுதான் இருந்தது. அதனால் நான் சொன்னது முழுப் பொய் இல்லை. மற்ற வீடுகளில் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். அன்று பார்க்கவில்லை. அக்கா சொன்னால் போதும் என்று நினைத்தார்போல.

கம்பியைப் பிடித்த கை விடவில்லை. நாத்தனார் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். நான் மாடிக்கு ஓடி இணைப்பைப் பிடுங்கினேன். அவர் கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு "அக்கா" என்றார். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்த ஒயரை இரு முனையிலும் கழற்றி, சுருட்டி, காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டு மூடினேன். திருகாணி ஒன்று இறுகிப்போய்க் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் இறங்கி வந்தபோது அவர் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

நீங்களே சொல்லுங்கள் ஐயா, அந்த ஒயரை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தால், வேறு யாருக்காவது ஆபத்து வந்திருக்காதா?