ரெண்டு பேருக்குக் குடுத்த மாத்தர

அப்புடிச் சொல்லாதீங்க டாக்டரம்மா. என்ற மருமவ மாத்தரையை முழுங்காம ஏமாத்தறான்னு நீங்க எப்புடிச் சொல்லலாமுங்க? எம்முன்னாலதான் முழுங்குனா. வாயத் தொறந்து காட்டுனு வேற சொன்னனுங்க நானு. கோமளா பொய் பேசற புள்ள இல்லீங்க.

வெள்ளப்படறது என்னமோ இவளுக்கு மட்டும் வந்த மாதிரி எங்கூட்டுல பேசிக்கறாங்க. வெளிய பெஞ்சுல பாருங்க, வரிசையா ஒக்காந்திருக்காங்கல்ல, பாதிப் பேருக்கு அதேதானுங்க. நீங்க கேட்டா இடுப்பு வலிம்பாங்க, தலை கிறுகிறுங்குதும்பாங்க. அந்தப் பச்சைச் சீலை கட்டுன தெய்வாத்தா எங்க பங்காளி ஊட்டுக்காரி. கோபில அவ மக கண்ணாலத்துல பந்தில ஒக்காரவே மாட்டேன்னுபோட்டா. பக்கத்துல இருக்கறவளுக்கு நாத்தம் தெரிஞ்சிரும்னு பயமுங்க, பாவம். அந்தக் கண்ணாலத்துல சாம்பார் பத்தாமப் போயி, மாப்பிள்ளையூட்டுக்காரரு கோவிச்சுட்டு... செரி, அதெதுக்கு இப்ப. உங்குளுக்கு நேரமாகுது.

நானும் மொதல்ல சூடுன்னுதான் நெனச்சனுங்க. எளநி, நுங்கு, வெந்தயம், எல்லாங் குடுத்தேன். நீங்க அவ உள்துணிய வெய்யல்ல காயப்போடச் சொன்னீங்கன்னு வாசல்லயே கயிறு கட்டிப் போட்டேன். பக்கத்தூட்டு ரம்ஜான் பீவி வந்து, ஏங்க்கா, மேல ஒரு சீலையப் போட்டு மறைச்சுக்கலாமில்லைங்கறா. மறைச்சா எப்புடிக் காயும்னேன். அடுத்த நா அவ துணியும் எங்க கயித்துல கெடக்குது.

பொறவு எதனால நிக்குலைங்கறீங்க. அதத்தான் சொல்ல வாரேன். எம்பையன் குமாரசாமி ரிக்கு வண்டில போர் போடப் போறவனுங்க. ஆந்திராப் பக்கம் போனான்னா, மழை பேஞ்சாத்தான் ஊடு திரும்புவான். அவன் அங்க இருக்கறப்ப இவளுக்கு நல்லாயிருதுங்க. அவன் வந்து கொஞ்ச நாள்ல மறுக்கா அரிப்பு, நாத்தம், துணி நனையறது. நீங்க ரெண்டு பேருக்குமில்ல மாத்தர குடுத்தீங்க? பொம்பள சீக்குக்கு நான் எதுக்குத் திங்கோணும்னு வீசிப்போட்டான். பொறுக்கி எடுத்து மோருல நுணுக்கிப் போட்டுக் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சவன், கசக்குதுன்னு எருமைத் தொட்டில ஊத்திப்போட்டான். எருமையும் மோந்து பாத்துட்டுத் தலையத் திருப்பிக்கிச்சு.

சிரிக்காதீங்க அம்மணி. சீக்குக்காரியக் கட்டிவெச்சுட்டீங்கன்னு சொல்லிப்போட்டு, வெள்ளிக்கெழமை அவளையும் பேத்தியையும் பவானில அவங்கப்பனூட்டுல உட்டுப்போட்டு வந்தர்றேங்கறான். அவ நேத்தே புள்ளையோட துணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டா.

இல்லீங்க, இன்னைக்கு அவ வல்லீங்க. எனக்கு முட்டி வலின்னு சொல்லி, டிவியெஸ்ஸுல கொண்டாந்து உடச் சொன்னதே அவனைத்தான். வேப்பமரத்தடில நிக்கறான். பொம்பளைங்க டாக்டர் ரூம்புக்குள்ள ஆம்பள தானா வருவானுங்களா? அதுக்குத்தான் என்ற பைய அவங்கிட்டயே குடுத்துப்போட்டு வந்தேன். நீங்க கதவோரமா நின்னுக்குங்க. அவன் உள்ள கால வெச்சதும் சாத்திப்போட்டு, ரெண்டு பேரும் முழுங்குனாத்தான் நிக்கும்னு எனக்குச் சொன்னதை அப்புடியே அவனுக்குச் சொல்லோணும். வேற மாத்தரையும் குடுத்து இங்கயே முழுங்க வெக்கோணும். தண்ணி நான் மோந்து வெச்சிருக்கறனுங்க.

ஏஞ்சாமி, குமாரசாமி... முட்டி மடங்க மாட்டேங்குது, எந்திரிக்க முடியல. அந்தப் பையக் கொஞ்சம் உள்ள கொண்டா கண்ணு.