இறுதி ஆட்டத்தில் இடம் விட்டுத் தந்த நடுவர் அக்காவுக்கு

பந்து பாய்ந்து வரும் பாதையில் பதறாது நின்ற பெருமாட்டியே! எவர் கூச்சலுக்கும் இசையாது, எவர் முகத்துக்கும் அசையாது, இருபத்தாறு ஆண்டுகள் மட்டையாளர் நின்றடிக்கும் ஹோம் பிளேட்டின் பின்னால் நின்று தீர்ப்புரைத்த எங்கள் நடுவர் அக்கா அவர்களே! முழங்கால் வலி முந்திக்கொண்டதால் விடைபெறும் தங்களை, வழியனுப்ப மனமின்றி வணங்குகிறோம், பேஸ்பால் நடுவர் சங்கத்தார் நாங்கள்.

இம்மடலை எழுதி இவ்வவையில் வாசிக்கச் சங்கம் என்னைப் பணித்தது. எல்லோரும் நெட்டை என்றழைக்கும் நான், தங்களோடு பதினான்கு ஆண்டுகள் முதல் பேஸில் துணை நடுவராக நின்றவன்.

பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு, மாலையில் மைதானம் வந்த மாதரசியே! அடிக்க வேண்டிய பந்தை மூன்றாம் முறையும் விட்டு, மூன்றாம் ஸ்டிரைக்கில் வெளியேறிய மட்டையாளர் ஒருவர், "ஏம்மா, கண்ணு தெரியுதா?" என்று சீறியபோது, "நீங்க அடிக்காம விட்டது நல்லாவே தெரிஞ்சுதுங்க" என்றீர்கள். எதிரணி மட்டுமல்ல, அவர் அணியும் சிரித்தது.

நிற்கும் இடத்தில்தான் நடுவரின் உயிர் இருக்கிறது என்றறிந்த நுண்ணறிவே! மட்டையாளருக்கும், அவர் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் கேட்சரின் உட்பக்கத் தோளுக்கும் நடுவிலுள்ள ஒரு முழ இடைவெளியில், மோவாய் கேட்சரின் தலைக்கு மேலிருக்க, கைகள் உடலோடு ஒடுங்கியிருக்க, பந்து கையுறையில் விழும்வரை அசையாது நிற்பீர்கள். நானோ பிளேட்டின் பின்னால் நிற்க நேரும்போதெல்லாம் உயரத்தை நம்பி, கேட்சரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பவன். பந்து வந்தால் முகத்தைத் திருப்புபவன். உடை மாற்றும் அறையில் ஒருநாள் என் தாடையைப் பிடித்து நேராக்கினீர்கள். "கவசம் முன்னாடி மட்டும்தான்டா இருக்கு. திருப்பினா காதைத்தான் குடுக்கற" என்றீர்கள். அதன்பின் நான் திருப்பவில்லை.

பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து தங்களுக்குக் கிடைத்தது அந்த இறுதி ஆட்டம். தையற்காரரான தங்கள் கணவர் முதன்முறையாகக் கடையை அடைத்துவிட்டு வந்து, முன்வரிசையில் அமர்ந்திருந்தார். நான்காம் இன்னிங்ஸில், மட்டையின் விளிம்பில் உரசித் திரும்பிய பந்து தங்கள் கவசத்தின் நெற்றிக் கம்பியில் மோதியது. முகம் நேராக இருந்ததால் உயிர் தப்பியது, கம்பி நெளிந்தது. கையுயர்த்தி, ஒன்றுமில்லை என்றீர்கள். அடுத்த பந்துக்கு முன் ஆட்டத்தை நிறுத்தி, என்னை அழைத்தீர்கள்.

"எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. நீ போய் நில்லு."

"அக்கா, இத்தனை வருஷம் காத்திருந்தீங்க. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாங்க, சரியாயிடும். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேடா."

தங்கள் கவசத்தின் வாரை நானே அவிழ்த்தேன். யாரும் கேட்காமல், யாரும் குறை சொல்லாமல், கண்ணுக்கு எட்டிய கனவைக் கண்ணியத்துக்காகக் கைவிட்டுப் படியேறிப் போனீர்களே, அந்தப் பெருமையை எந்தப் பதக்கத்தால் அளப்போம்!

மறு வாய்ப்பு வருமென்றே எல்லோரும் நம்பினோம். பதினோராண்டுகள் வரவில்லை. ஒவ்வோராண்டும் இறுதி ஆட்டத்துக்கான நடுவர் பட்டியல் ஒட்டப்படும் காலையில் முதல் ஆளாக வந்து, மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்துவிட்டு, பெயர் வந்தவரைத் தேடிப்போய் வாழ்த்தினீர்கள். என் பெயர் இருமுறை வந்தது. தங்களுக்கே விட்டுத்தருகிறேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "மாத்திக் குடுக்க அது என்ன சட்டையா? போய் ஒழுங்கா நில்லு" என்று விரட்டிவிட்டீர்கள்.

போன சனிக்கிழமை தங்கள் கடைசி ஆட்டம். பார்க்க வந்தவர்கள் நாற்பது பேர் இருக்கலாம். முடிந்ததும் என் காரில் ஏறி, "அன்னிக்கு மீதி ஆட்டத்துல அங்க நின்னியே, எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டீர்கள். பதினோராண்டுகளில் முதன்முறையாக.

"என்னக்கா, மத்த ஆட்டம் மாதிரிதான்" என்றேன். தாங்கள் தலையாட்டினீர்கள்.

பொய் சொன்னேன், அக்கா. கடைசிப் பந்து கையுறையில் விழுந்ததும், அத்தனை ஆயிரம் பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நடுவர் வாயிலிருந்து வரும் ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். அந்த ஒரு நொடியைப் போல என் வாழ்வில் வேறெதுவும் இருந்ததில்லை. அது தங்களுக்குரிய நொடி. இந்த அவை அறிய இன்று சொல்லிவிட்டேன்.

தையற்கடை வாசலில் தங்கள் துணைவரோடு பேசிச் சிரித்து, நோயின்றி நெடுங்காலம் நிறைவாக வாழ்க! சனிக்கிழமைகளில் தங்கள் குரல் கேட்காத மைதானத்தில் நாங்கள் எப்படி நிற்கப்போகிறோமோ, தெரியவில்லை.

தங்கள் பிரிவுக்குப் பழகாத,
நெட்டையும் நடுவர் சங்கத்து உடன்பணியாளர்களும்