பெரிய கட்டாப் போடுங்க சிஸ்டர்

இவ்வளவுதானா? என்ன சிஸ்டர், பென்சிலுக்கு நூல் சுத்துன மாதிரி இருக்கு. கட்டைவிரல்னா ஒரு மரியாதை வேணாமா? இன்னும் ரெண்டு சுத்து சுத்துங்க. துணி தீந்துடும்னா அதுக்கும் சேத்து பில்லுல போட்டுக்குங்க. ஐயய்யோ, ஒரு பேச்சுக்குச் சொன்னேன், எழுதாதீங்க.

எலும்பு முறியலையா? நல்லாப் பாத்தீங்களா? லேசா ஒரு விரிசல்கூட இல்லையா? சரி, விடுங்க.

எப்படி அடிபட்டுச்சா? ஆடுனேன். சிரிக்காதீங்க. ஆமா, இந்த உடம்ப வெச்சுக்கிட்டுத்தான். பழைய பீரோவுக்குக் கால் மொளச்ச மாதிரி இருக்குன்னு என் வீட்டுக்காரியே சொல்லிட்டா, நீங்க புதுசா என்ன சொல்லிடப் போறீங்க. நமக்குத் தொழிலே பழைய மரச்சாமான்தான். வாங்கும்போது கரையான் அரிச்சிருக்கும்பேன், விக்கும்போது அசல் தேக்கும்பேன். ரெண்டும் ஒரே நாற்காலி. படிப்பா? பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓட்டை பெஞ்சு வாங்கத்தான் போயிருக்கேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துலதான் லீவுல கோடை முகாம் போட்டிருக்காங்க. நாட்டுப்புறப் பாட்டு, கைவேலை, ஆட்டம், எல்லா வயசுக்கும்னு வாசல்ல எழுதிக் கட்டியிருந்துச்சு. பேத்தியச் சேக்கப் போனேன். கட்டணத்தக் கொறைங்கன்னேன். மேசையில இருந்த பொண்ணு சிரிச்சுக்கிட்டே, முடியாதுங்கய்யான்னுச்சு. எனக்குக் கோவம் வந்தா வாய் முன்னாடி ஓடும், புத்தி பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு நடந்து வரும். சுண்டெலி மாதிரி புள்ளைக்கு முழுக் கட்டணமா, அப்ப அதே காசுல இன்னொரு ஆளையும் சேத்துக்குங்கன்னு மேசையத் தட்டுனேன். மேசை ஆடுச்சு. இது கரையான் புடிச்ச மேசைன்னு அதுக்கும் ஒரு சண்டை. கடைசில அந்தப் பொண்ணு, சரிங்கய்யா, ஆளக் கூட்டிட்டு வாங்கன்னுச்சு. ஜெயிச்சாச்சு! மீசைய முறுக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறைக்குது, வீட்ல வேற யாரும் வர மாட்டேன்னுட்டாங்க, அந்த இன்னொரு ஆளு நானேதான்னு.

மொதல்ல கூடை முடையுற வகுப்பு. முடைஞ்சேன், முடைஞ்சேன், வாத்தியார் அதத் தூக்கிப் பாத்துட்டு, தொப்பி நல்லா வந்திருக்குங்கன்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆமா தொப்பிதான்னு தலையில கவுத்துக்கிட்டு வெளில வந்துட்டேன். அதுக்கப்புறம் அதக் கழட்ட முடியல, அது தனிக் கதை. அடுத்து பாட்டு. பாட்டு டீச்சர் தங்கமான அம்மா. அய்யா, நீங்க வாய மட்டும் அசைங்க, சத்தத்தப் பக்கத்துல இருக்கவங்க பாத்துப்பாங்கன்னாங்க. மிச்சம் இருந்தது குச்சியாட்டம்.

பாத்திருக்கீங்களா? உள்ள ஒரு வட்டம், வெளிய ஒரு வட்டம். ரெண்டும் எதிரெதிராச் சுத்தும். எதிர யாரு வந்தாலும் அவங்க குச்சியில தட்டிட்டு நகரணும். ஆளு பாத்துப் பொறுக்க முடியாது. ஒரு பொடிசு வரும், முட்டி உயரம், குனிஞ்சு தட்டணும். அடுத்து பல்டாக்டரம்மா, பல்லப் புடுங்குற மாதிரியே தட்டுவாங்க. அதுக்கடுத்து கண்டக்டர்.

ஆமா, வெளில என் செருப்பக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவரேதான். ரிட்டையர்டு பஸ் கண்டக்டர். காலம் பூரா விசில் ஊதுன ஆளு, தாளம் தப்பாது. எல்லாரு குச்சியிலயும் டக்குனு தட்டுவாரு. என்கிட்ட வந்தா மட்டும் மூஞ்சி செவுத்துப் பக்கம் போயிடும், குச்சி காத்துல போயிடும். நான் மட்டும் என்ன லேசுப்பட்டவனா? நானும் காத்தத்தான் தட்டுவேன். ஆட்டம் சொல்லித் தர்ற பொண்ணு ஒரு நாள் கண்ண மூடிக் கேட்டுட்டு, வட்டத்துல எங்கயோ ஒரு சத்தம் கொறையுதே, யாருன்னுச்சு. அத்தன பேரும் என்னத் திரும்பிப் பாத்தாங்க. கூடை முடைஞ்ச புகழ் அப்படி.

நின்னிருக்கலாம்தான். பேத்தியே நீச்சல்தான் வேணும்னு பாதில ஓடிட்டா. நான் போய்க்கிட்டுத்தான் இருந்தேன். குடுத்த காசு வீணாகக் கூடாதுன்னு வீட்ல சொல்லிக்குவேன். உண்மையச் சொன்னா, முகாம் முடியுறதுக்குள்ள அந்தக் கொறையுற ஒரு தட்ட அவருகிட்ட இருந்து வாங்கிடணும்னு ஒரு வீம்பு.

இன்னிக்கு மேளக்காரர் வேகத்தக் கூட்டிட்டாரு. வட்டம் பறக்குது. கண்டக்டருக்கு மூஞ்சியத் திருப்ப நேரமில்ல. ஓங்குன குச்சியோட என் எதிர வந்துட்டாரு. என் குச்சி இருக்க வேண்டிய இடத்துல என் விரல் இருந்துச்சு. நான் போட்ட கூச்சல்ல மேளமே நின்னுடுச்சு. பாட்டு டீச்சர் பக்கத்து அறையில இருந்து ஓடியாந்து, இவ்வளவு குரல எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்கன்னாங்க.

என்னது, நஷ்டஈடு கேக்கவா பெரிய கட்டு? ச்சேச்சே. என்னப் பாத்தா அப்படியா... சரி, பாத்தா அப்படித்தான் இருக்கும். அதுக்கில்ல சிஸ்டர். எப்ப ஆறும்? ரெண்டே நாளா? கட்டுப்படியாகாது. முகாம் முடியுற வரைக்கும் நான் வண்டியத் தொடவே கூடாதுன்னு அவரு காதுல விழுற மாதிரி சொல்லுங்க. அவரு வண்டியிலதான் என்னப் பின்னாடி உக்காத்திக் கூட்டிட்டு வந்தாரு. தினம் கூட்டிட்டுப் போகட்டும். அவருக்கு ஒண்ணும் சுத்துவழி இல்ல. நான் கீழ் வீடு, அவரு மாடி.

ஆமா, ஒரே வீடுதான். எங்க அண்ணன். கூடப் பொறந்தவரு.

மாடிப்படிக்குக் கீழ ஒரு வண்டி நிக்கிற அளவுக்கு எடம். அது யாருக்குன்னு ஒரு பேச்சு வந்துச்சு. நான்தான் எந்தப் பேரத்துலயும் தோக்க மாட்டேனே, அதுலயும் தோக்கல. என் வண்டி நிழல்ல நிக்குது, அவரு வண்டி வெயில்ல காயுது. அன்னிக்குப் பேச்ச நிறுத்துனவருதான். தினமும் என் தலைக்கு மேலதான் நடப்பாரு, ஒரு வார்த்தை கெடையாது.

இன்னிக்கு அடிச்ச கையோட குச்சியப் போட்டுட்டு என் கையப் புடிச்சுக்கிட்டாரு. எருமை, அடி வருதுன்னா கைய எடுக்கத் தெரியாதாடா உனக்குன்னாரு. எருமைன்னாரு சிஸ்டர்! பேத்தி பொறக்குறதுக்கு முன்னால கேட்டது.

இனி என் வண்டிதான் ஓடாதே, அது வெளில காயட்டும். தினம் எடுக்குற அவரு வண்டி படிக்குக் கீழ நிக்கட்டும். நீங்க சொல்லிட்டா எனக்கும் கௌரவம் கொறையாது.

அப்புறம் அந்த விரல்... எனக்குக் கைய எடுக்கத் தெரியாதா என்ன? வியாபாரி சிஸ்டர் நானு. குச்சிய நீட்டுனா மனுஷன் மூஞ்சியத் திருப்பிக்குவாரு. அதான் விரல நீட்டுனேன்.

அவருகிட்ட சொல்லிடாதீங்க. அந்தா, எட்டிப் பாக்குறாரு, எட்டிப் பாக்குறாரு. இன்னொரு சுத்து சுத்துங்க, சீக்கிரம்.