ஆயிரத்து நானூற்று நாற்பத்தேழு மிதி

— கோவிக்காதீங்க சிவரூபன் சேர். எண்ணுற பெட்டி பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.

— பெட்டி பொய் சொல்லேல்லை, அந்தோனியம்மா. என்ரை ரப்பர்தான் பிழைச்சுப்போச்சு. பாருங்கோ, ஆயிரத்து நானூற்று நாப்பத்தேழு. இண்டையோடை அறுபது நாள் உங்கடை வாசலிலை கிடந்த ரப்பர் விரிப்பு. போக வர மூவாயிரம் மிதியாவது விழுந்திருக்கவேணும்.

— பாதிக்கு மேல எண்ணாம விட்ருச்சா?

— ஓம். இந்தக் குளிரிலை செத்துப்போச்சுதோ தெரியேல்லை.

— கறுப்பு ரப்பருங்க. அதுல சாகுறதுக்கு என்ன இருக்கு?

— உள்ளுக்கை கரிநூல் கலந்திருக்கம்மா. ஒரு தலைமயிரைப் பத்தாயிரமாக் கிழிச்சா எவ்வளவோ, அவ்வளவு மெல்லிசு. கொஞ்சம் போட்டாலே காணும். ஆனா ஒண்டையொண்டு தொட்டுக்கொண்டு கிடக்கவேணும், அப்பதான் கரண்ட் ஓடும். மிதிச்சா அந்த ஓட்டம் மாறும், பெட்டி ஒண்டு எண்டு எண்ணும்.

— தொடாம கெடந்தா?

— வெறும் ரப்பர். ரெண்டு வருசமா இதோடைதான் மல்லுக்கட்டுறன். நாளைக்குக் கொழும்பிலை காட்டவேணும். சரிவராட்டி ஆராய்ச்சியை மூடிப்போட்டுப் போ எண்டுவினம்.

— போறதுன்னா, வீட்டுக்குங்களா?

— எந்த வீட்டுக்கு? சண்டையாலை கிளிநொச்சிக்குப் பாதையும் இல்லை, போனும் இல்லை. அம்மான்ரை குரல் கேட்டு நாலு மாசம்.

— சேர், ஒங்க ரப்பர் மேல தப்பு இல்லீங்க. நான் அத வாசல்ல போடவே இல்ல.

— என்ன சொல்லுறியள்?

— லயத்து வீட்டு வாசல் ஒரே சேறு. புது விரிப்பு, அழுக்காக்கிட்டா வைவீங்களோன்னு பயம். உள்ள, மாதா படத்துக்கு முன்னால விரிச்சு வச்சேன்.

— ஐயோ, மிதிக்கிறதுக்கெல்லோ தந்தனான்!

— மிதிச்சேனுங்க. காலையில மட்டும், கால் கழுவிட்டு.

— தனிய இருக்கிற நீங்கள் காலமை மட்டும் மிதிச்சா இவ்வளவு வருமே?

— சொன்னா சிரிக்கக் கூடாது.

— சிரிக்க மாட்டன்.

— முப்பத்தாறு வருசம் தோட்டத்துல தேயிலைக் கொழுந்து எடுத்தேன் சேர். விடிஞ்சா பெரட்டுக்களத்துல போய் நிப்போம். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேரா கூப்புட்டு எண்ணுவாரு. வேலைய விட்டப்புறம் என் பேர ஒருத்தரும் கூப்புடுறதில்ல. ஒங்க பெட்டி டிக்குன்னு எண்ணுச்சா, எனக்கு ஆசையாப் போச்சு. எங்க ஆளுங்க பேரெல்லாம் நானே கூப்புட்டு, பேருக்கு ஒரு மிதி. அம்மாக்கண்ணு, டிக். பூரணி, டிக்.

— அவையெல்லாம் இப்ப எங்கை?

— அம்மாக்கண்ணு மண்ணுக்குள்ள. பூரணி அப்பவே கப்பலேறி இந்தியா போயிட்டா. மத்ததெல்லாம் கொழும்பு, குவைத்து, எங்கெங்கயோ. நான்தான் மிச்சம்.

— எத்தினை பேர்?

— என்னையும் சேத்து இருவத்தி நாலு.

— ஒவ்வொரு நாளுமோ? ஞாயிறும்?

— ஞாயித்துக்கெழம பெரட்டு கெடையாதுங்க. ஆனா அன்னைக்குத்தான் பொழுதே போகாது. அதனால அன்னைக்கும் கூப்புட்டேன்.

— பொறுங்கோ. அறுபது நாள், இருபத்து நாலு பேர். ஆயிரத்து நானூற்று நாப்பது! அம்மா, ஒரு மிதி தப்பேல்லை!

— அப்ப ரப்பரு நல்லா இருக்குங்களா?

— இருக்கு, ஆனா ஏழு கூடக் கிடக்கு. ஆரும் மிதியாமல் எண்ணினா அதுவும் பிழைதான். கொழும்பிலை முதல்லை அதைத்தான் கேப்பினம்.

— அது சும்மா எண்ணல சேர். போன ஞாயிறு தலவாக்கலையில அம்மாவுக்கு லைன் கெடைக்காம போன் கடைய விட்டு வந்து, பஸ் ஸ்டாண்டுல தனியா நின்னீங்கல்ல? மறுநாள்லருந்து இருவத்தஞ்சாவதா ‘சிவரூபன்’னு ஒரு பேரு கூப்புடுறேன். இன்னைக்கோட ஏழு நாளுங்க.