நனைச்சுக் காயப்போட்ட லைனர்

— நனைச்சீங்களா? எதுக்குங்க அத்தை லைனரைப் போயி நனைச்சீங்க?

— புதுத் துணின்னா நனைச்சுக் காயவெச்சுத்தான் தைக்கணும். இல்லாட்டி அப்பால சுருங்கிக்கும். கார்மென்ட்ஸ்லயே தலை நரைச்சவகிட்ட கேக்குற கேள்வியா இது?

— இது துணியில்லீங்க. காரு சக்கரத்துக்கு மேல, வளைவுக்கு உள்பக்கமா மாட்டறது. ஓடறப்ப சேறும் கல்லும் தெறிச்சுத் தகரத்துல அடிக்காம இருக்கோணும்னு போடறது.

— தொட்டுப் பாரு மகா. கம்பளி மாதிரி கீது. கம்பளி சுருங்காதா? சோப்புகூட போடலை. வெறும் தண்ணியில முக்கி மொட்டை மாடியில காயப்போட்டேன். நல்லா காஞ்சிடுச்சு. ஆய்த்து, எடுத்து மாட்டு.

— மாட்டறதுக்கு எது இடது, எது வலதுன்னு தெரியோணுமில்லீங்க. ஒவ்வொண்ணு மேலயும் ஒரு காகிதம் ஒட்டியிருந்துதே, அதெங்க?

— அதுவா... ஊறி வந்துடுச்சு. கடை ஸ்டிக்கருன்னு நெனைச்சுக் கிழிச்சுப் போட்டேன்.

— போச்சு. நாலும் பாக்கறதுக்கு ஒரே மாதிரி இருக்குதுங்க.

— இன்னா போச்சு? சட்டைக்கு எந்தக் கை எந்தப் பக்கம்னு எப்டி பாக்குறோம்? ஒடம்புல வெச்சுப் பாத்துத்தான். சக்கரத்தைக் கழட்டு. ஒண்ணொண்ணா வெச்சுப் பாப்போம்.

— எதுத்த வூட்டு டொமினிக் அண்ணனைக் கூப்புடட்டுங்களா? மெக்கானிக்கை வெச்சுக்கிட்டு நாம ரெண்டு பேரும் போனுல வீடியோ பாத்துப் பண்றதப் பாத்தா சிரிப்பாருங்க.

— சிரிக்கட்டும். அவன் வந்தா ஸ்பானரை எடுக்குறதுக்கு முன்னாடி வாயை எடுப்பான். வண்டியை ஏன் குடுக்குறே காந்தாக்கா, யாருக்குக் குடுக்குறேன்னு இந்த நீலசந்திரா ஏரியா முச்சூடும் கேக்குறாப்ல பேசுவான். இது நம்ம வூட்டு வேலை.

— நானும் அதத்தானுங்க கேக்கறேன். யாருக்குக் குடுக்கறீங்க?

— சொன்னேனே. ஒரு பார்ட்டி. நாளைக்கு ஞாயித்துக்கெயமை, வந்து எடுத்துக்கினு போவாங்க.

— சுனில் வாங்குன வண்டிங்க அத்தை.

— என் புள்ளை வாங்குனது எனக்குத் தெரியாதா? மொத ஆயுத பூஜைக்கு இதே எடத்துல நான்தானே பூசணிக்கா ஒடச்சேன். அவன் கண்ணை மூடுனதுல இருந்து இது சும்மா நிக்குது. வாரத்துக்கு ஒருக்கா நீ ஸ்டார்ட் பண்ணி பேக்கரி முனை வரைக்கும் போவே, திரும்பி வருவே. அதுக்கு மேல தாண்ட மாட்டே. ஆபீசுக்குக் கம்பெனி கேப்புல போறே. இந்தக் கிழிஞ்ச லைனர் வழியா எலி ஏறி உள்ள குடித்தனம் பண்ணுது. பாவம் வண்டி.

— என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க.

— கேட்டா வேணாம்பே. கேக்கலை. நட்டை லூசு பண்ணிட்டியா?

— பண்ணிட்டேன். தூக்கறதுக்கு முந்தியே லூசு பண்ணிரோணும், தூக்கிட்டா சக்கரம் சுத்தும்னு வீடியோவுல சொல்றான். பின்னாடி சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டீங்களா?

— அம்மிக் கல்லே வெச்சுட்டேன். நகராது.

— அத்தை, ஜாக்கி போடறதுக்கு முந்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க.

— ஜாக்கி போடு மொதல்ல.

— ரெண்டு மாசமா சொல்லோணும் சொல்லோணும்னு...

— ஏய், ஆரன் அடிக்காதே. நோட்கொண்டு ஹோகப்பா, பாத்துப் போ, ஜாக்கி போட்டுக்கினு இருக்கோம். இந்த ஆட்டோக்காரனுக்கு இன்னா அவசரமோ. நீ தூக்கு மகா. நேரா தூக்கு.

— வந்துருச்சுங்க. சக்கரத்தைப் புடிங்க. காலை உள்ள வெக்காதீங்க.

— அய்ய, எவ்ளோ சேறு. அவன் இருந்த வருசத்து மழை அப்டியே ஒட்டிக்கினு கீது. பிரஷ்ஷை குடு... இன்னா, அப்டியே நின்னுட்டே?

— இங்க பாருங்க அத்தை.

— இன்னாது? எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியலை.

— பழைய லைனர் கீழ தொங்கிறக் கூடாதுன்னு மேல இழுத்துக் கட்டியிருக்காருங்க. ஆபீஸ் கார்டு மாட்டற பட்டையில. நீலப் பட்டை. சுனில்னு அவர் கார்டு தொங்குமே, அதுங்க.

— எங்க, நான் தொட்டுப் பாக்கறேன்.

— காய்ச்சல் வந்த மாசம் ஒரு நாளு கார்டைக் கையில புடிச்சுக்கிட்டே வந்தாரு. பட்டை எங்கீங்கன்னு கேட்டேன். தொலைஞ்சு போச்சுன்னாரு. வண்டிக்குக் கட்டியிருக்கேன்னு சொன்னா நான் திட்டுவேன்னு பயந்துட்டாரு போல.

— நாளைக்கு மாத்துறேன், அடுத்த வாரம் மாத்துறேன்பான். அதுக்குள்ள அந்தக் காய்ச்சல் வந்துடுச்சு. எப்பவும் அப்டித்தான் அவன். ஸ்கூல் பையோட வாரு அறுந்தாலும் எதையாவது வெச்சுக் கட்டிக்கினு போயிடுவான்.

— முடிச்சு இறுகிப் போச்சுங்க. அவுக்க வரலை.

— அறுத்துடு.

— என்னால ஆகாதுங்க.

— தள்ளு. என் நூல் வெட்டுற கத்திரி கீது இடுப்புல. ஆய்த்து... ஆய்த்து. பாரு, ஒரே வெட்டு. குடு இங்க.

— கழுவிக் கொண்டாரட்டுங்களா?

— வேணாம். சேத்தோடயே நான் வெச்சுக்கறேன். வண்டி போவட்டும், எனக்கு இது போதும். அவன் கை கடைசியா போட்ட முடிச்சு இதுல கீது.

— அத்தை, அழாதீங்க.

— அழலை. அழுதா இன்னா, என் புள்ளைக்குத்தானே அழறேன். நீ அந்தக் கம்பளியை எடு. இப்டி வெச்சுப் பாரு. இல்ல, இது ஏறாது, முன்பக்கம் துருத்துது. வேற குடு. ஆங், இதுதான் இடது. பாத்தியா, ஒடம்பே சொல்லுது.

— ஓட்டையும் நேரா வருதுங்க. கிளிப்பு இந்த ஓரத்துல இருந்து போட்டுக்கிட்டு வரட்டுங்களா?

— ஓரத்துல இருந்து வந்தா அந்தக் கடைசியில கோணிக்கும். நடுவுல ஒண்ணு குத்து. அப்பால ரெண்டு பக்கமும் எறங்கு. கையைச் சட்டையில வெச்சுத் தைக்கிற மாதிரிதான்.

— அத்தை.

— குத்து.

— எங்க ஆபீஸ்ல ஒருத்தரு இருக்காரு. என்னைக் கட்டிக்கறேன்னு கேட்டாருங்க.

— கிளிப்பு கீழ உழுந்துடுச்சு. எடுத்துக்கறேன், நீ சொல்லு.

— நான் ஒண்ணும் சொல்லலை. உங்ககிட்ட சொல்லாம எதுவும் சொல்ல மாட்டேன்னுட்டேன். நீங்க வேண்டாம்னா வேண்டாமுங்க. சத்தியமா.

— பேரு இன்னா?

— ராஜேஷ்குமாருங்க. சேலத்துப் பக்கம். எலெக்ட்ரானிக் சிட்டியில தனியா இருக்காரு.

— இன்னொரு கிளிப்பு குடு.

— திட்டறதுன்னா திட்டிருங்க அத்தை. இப்படி கிளிப்பு கேக்காதீங்க.

— திட்ட மாட்டேன். பொய்யும் சொல்ல மாட்டேன். என் புள்ளை இருந்த எடத்துல இன்னொருத்தன்னு நெனைச்சா நெஞ்சு அடைக்குது. அது அடைக்கத்தான் செய்யும், பெத்தவ. ஆனா தெனம் காலையில நீ ஒரு இட்லியை முன்னாடி வெச்சுக்கினு கிள்ளிக் கிள்ளிப் போடறே பாரு, அதைப் பாத்தா அதைவிட அடைக்குது.

— உங்களை உட்டுட்டு எப்படீங்க போறது? அதை நெனைச்சுத்தான் எனக்கு இட்லி எறங்கறதில்லை.

— உங்க அம்மாகிட்ட சொன்னியா?

— சொன்னேன். நாமக்கல்லுல எல்லாருகிட்டயும் பேசிட்டு அம்மாவே போன் பண்ணுனாங்க. ஒருக்கா கட்டிக் குடுத்தாச்சு, மறுக்காவும் நாங்க வந்து நிக்க முடியாது, நம்ம பக்கத்துல யாரும் வர மாட்டாங்கன்னு வெச்சுட்டாங்க. அப்பா பேசவே இல்லை.

— ம்.

— எனக்குன்னு இருக்கறது நீங்க ஒருத்தருதானுங்க. அதான் பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்க வண்டியைக் குடுக்கறேன்னதும் தெரிஞ்சு போச்சுன்னு நெனைச்சேன். இந்தப் புள்ள போறவதானே, இனி இவளுக்கு எதுக்கு வண்டின்னு...

— கோவத்துல குடுக்குறேன்னு நெனைச்சியா?

— ஆமாங்க.

— கோவமா குடுக்குறவ லைனரைத் தொவைச்சுப் போட்டுக் குடுப்பாளா? லூசு. போயி ஸ்டியரிங்கைத் திருப்பு. சக்கரத்தை மாட்டியாச்சு, ஒரசுதான்னு பாக்கணும்ல.

— இந்தப் பக்கம் முழுசாத் திருப்பிட்டேனுங்க.

— ஒரசலை. அந்தப் பக்கம்?

— திருப்பிட்டேன்.

— ஒரசலை. விரல் போற எடம் கீது. வலது பக்கத்துக்கு வா. இது சீக்கிரம் ஆயிடும், கை பழகிடுச்சு.

— அத்தை, நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலீங்க.

— நீ எங்க கேட்டே? சொன்னே. நட்டை லூசு பண்ணு.

— சரி, கேக்கறேன். நான் என்னங்க பண்ணட்டும்?

— கிளிப்பை நடுவுல இருந்து குத்து, அதைப் பண்ணு. மனசுக்குப் புடிச்சிருக்கா அவனை?

— புடிச்சிருக்குதுங்க. சுனில் மாதிரி சிரிக்க வெக்க மாட்டாரு. கம்முனு இருப்பாரு. ஆனா சுனிலைப் பத்தி நான் எவ்வளவு பேசுனாலும் கேட்டுக்கிட்டு இருப்பாரு. போதும்னு மூஞ்சியைத் திருப்பினதே இல்லை.

— அப்டியா.

— ஆமாங்க.

— அது நல்லது. அவனைப் பத்திப் பேச எனக்கும் ஒரு ஆளு வேணும்... குனிஞ்சுக்கினு பேசாதே, தலையில இடிச்சுக்குவே. ஆய்த்து, இதுவும் ஆய்த்து. தட்டிப் பாரு. முன்னாடி டங்குடங்குன்னு கேக்கும், இப்ப தலைகாணியைத் தட்டுறாப்ல கீது.

— கல்லு தெறிச்சாலும் உள்ள இருக்கறவங்களுக்குக் கேக்காதுங்க.

— அந்தப் பக்கம் ரோட்டுல கல்லும் சேறுமாத்தான் கெடக்கும். கேக்காம இருந்தா நல்லதுதான்.

— எந்தப் பக்கம்? வண்டி எங்க போகுதுங்க?

— போற எடத்துக்கு. டீ போடு போ, முதுகு புடிச்சுக்கிச்சு.

— பின்னாடி ரெண்டு இருக்குதுங்களே. அதையும் மாட்டிட்டுக் குடிக்கலாம்.

— அதை மாட்ட வேணாம். அந்த ரெண்டும் நாளைக்கு வர்ற பார்ட்டி மாட்டட்டும்.

— வண்டி எடுக்க வர்றவங்க எதுக்குங்க மாட்டோணும்? நல்ல சட்டை போட்டுக்கிட்டு வருவாங்க.

— வரட்டும், அழுக்காவட்டும். சேத்துல உக்காந்து பொறுமையா மாட்டுறானா, இல்ல கிளிப்பை ஒடைக்கிறானான்னு நான் பாக்கணும். ஒரு பொருளைக் குடுக்குறதுன்னா எடுத்துக்குறவன் கையைப் பாக்க வேணாமா?

— யாருங்க அத்தை அந்த பார்ட்டி? நெசமாவே சொல்லுங்க.

— மழையில கேப்பு வராத அன்னிக்கு உன்னை பேக்கரி முனையில எறக்கி உட்டுட்டு, நீ வூட்டுக்குள்ள போற வரைக்கும் பைக்ல நனைஞ்சுக்கினே நிக்கிறானே, ஒசரமா, கண்ணாடி போட்டவன், அவன்தான். போன வாரம் கொடை எடுத்துக்கினு நானே போயி, அடுத்த ஞாயித்துக்கெயமை வாப்பா, நான்தான் பொண்ணோட அம்மா, இந்த வண்டி எங்க வூட்டு சீருன்னு சொன்னேன், அதுக்கே அந்தப் பையன் கண்ணு கலங்கிட்டான், இப்ப நீயும் ஆரம்பிக்காதே மகா, ஜாக்கியை எறக்கு.