வளையக்கா கண்ட கலப்புக் கிரகணம்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் தாயின் படத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் மகளே, கணிப்புப் பிரிவின் தோழர்களே, நூலகத்தாரே, கேன்டீனைப் பூட்டிவிட்டு வந்து கடைசி வரிசையில் நிற்கும் அண்ணனே, உங்கள் அனைவருக்கும் தலை தாழ்ந்த வணக்கம். தலை தாழ்ந்த என்பதை வழக்கத்துக்காகச் சொல்லவில்லை. நிமிர்த்த முடியவில்லை.

நம் நிறுவனத்தின் முதுநிலைக் கணிப்பாளர், பழங்காலச் சூரிய கிரகணங்களின் கணக்கில் நிகரற்றவர், நாம் எல்லோரும் வளையக்கா என்று அழைத்த அம்மையார் மறைந்து இன்று பன்னிரண்டாம் நாள். அவரைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். ஆவணப் பிரிவின் முன்னாள் தலைவர், அவருடைய மேலதிகாரி என்ற முறையில் அழைத்திருக்கிறார்கள். முறைப்படி சரிதான். ஆனால் இந்த ஒலிபெருக்கியின் முன் நிற்கத் தகுதி இல்லாத ஒருவர் இந்த மண்டபத்தில் உண்டென்றால், அது நான்தான். ஏன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

முதலில் அவர் யார்? தரைத்தளத்தில், பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்த ஜன்னல் உள்ள அறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உட்கார்ந்தவர். ஆயிரம் ஆண்டு, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஏதோ ஒரு ஊரில் பகல் கறுத்தது என்று ஒரு கல்லிலோ களிமண் பலகையிலோ எழுதியிருந்தால், அது எந்த நாள், எந்த நேரம், எப்படிப்பட்ட கிரகணம் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர். ஜன்னல் வழியே அவருக்கு வானம் தெரியாது! எட்டுக் கை அகலச் சுவர்தான் தெரியும். ஆனால் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய வானம் அவருக்குத் தெரிந்த அளவுக்கு இந்தக் கட்டடத்தில் வேறு யாருக்குத் தெரிந்தது?

பெரிய பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. ஆனால் தமக்குத் தெரிந்ததை யாருக்கும் புரியும்படி சொல்லத் தெரியும். ஒரு நாள் கேன்டீனில் நானே பார்த்தேன். "கிரகணத்துல அப்படி என்னக்கா வகை வகையா இருக்கு? மறைஞ்சா மறைஞ்சதுதானே?" என்று கேன்டீன் அண்ணன் கேட்டார். வளையக்கா ஒரு பாத்திரத்தை மேடையில் வைத்து, மூடியைக் கையில் எடுத்து அதற்கு நேராகப் பிடித்தார்.

"இங்க பாருங்கண்ணே. பாத்திரம்தான் சூரியன், மூடிதான் நிலா. வாய் முழுசா மறைஞ்சா அது முழு கிரகணம். கொஞ்சம் விலகிப் பிடிச்சா ஒரு பக்கம்தான் மறையும், அது பகுதி. நிலா தூரமா இருக்கற நாள்ல மூடி சின்னதாத் தெரியும். அப்போ நடுவுல மறைச்சாலும் சுத்தி விளிம்பு தெரியும்ல? அது வளையம்."

"மூணுதானா?"

"நாலாவது ஒண்ணு இருக்கு, ரொம்ப அபூர்வம். மூடியும் வாயும் அச்சா ஒரே அளவுல தெரியற நாள். மூடிக்குக் கொஞ்சம் கிட்ட நிக்கறவருக்கு முழுசா மறையும். ஒரு அடி தள்ளி நிக்கறவருக்கு விளிம்பு தெரியும். பூமி உருண்டைதானே? நடுவுல இருக்கற ஊர் நிலாவுக்குக் கிட்ட, ஓரத்துல இருக்கற ஊர் தள்ளி. ஒரே நாள், ஒரே நிழல். ஒரு ஊர்க்காரன் முழு கிரகணம்பான், இன்னொரு ஊர்க்காரன் வளையம்பான். ரெண்டு பேரும் சொல்றது உண்மை. அதுக்குப் பேர் கலப்புக் கிரகணம்."

கேன்டீன் அண்ணனுக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்தது. எனக்குப் புரிய எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேளுங்கள்.

எனக்குப் பெயர் வாங்கித் தந்த புத்தகம் ஒன்று உண்டு. பழைய அரசர்களின் காலத்தைக் கிரகணக் குறிப்புகளைக் கொண்டு வரிசைப்படுத்திய புத்தகம். அதன் முதுகெலும்பு இரண்டு குறிப்புகள். ஒன்று, மேற்கே ஒரு துறைமுக ஊரின் களிமண் பலகை. 'சூரியன் எழுந்து ஒரு கோல் உயரம் வந்தபோது நடு கறுத்தது, நூல் போல் ஒரு வளையம் நின்றது' என்கிறது. மற்றது, அங்கிருந்து கிழக்கே வெகு தூரத்தில் ஒரு மலைக்கோட்டையின் கல். 'உச்சிப்பொழுதில் பகல் அணைந்தது, விண்மீன்கள் தெரிந்தன, பத்து மூச்சு விடுவதற்குள் வெயில் திரும்பியது' என்கிறது.

எனக்கு எழுத்துத் தெரியும், வானம் தெரியாது. ஒன்று காலை, ஒன்று உச்சி. ஒன்று வளையம், ஒன்று முழு இருள். ஆகவே இரண்டும் வேறு என்று முடிவு கட்டினேன். கல்வெட்டுக்கு ஒரு முழு கிரகணத்தைப் பொருத்தினேன். பலகைக்கு எந்த வளையமும் பொருந்தவில்லை. உடனே என்ன செய்தேன்? முப்பத்தோரு ஆண்டு தள்ளி ஒரு பகுதி கிரகணத்தை ஒட்டவைத்துவிட்டு, 'இந்த எழுத்தர் அரசனை மகிழ்விக்க வளையம் என்று கதை கட்டியிருக்கிறார்' என்று எழுதினேன். ஈராயிரம் ஆண்டுக்கு முன் செத்துப்போன ஒரு மனிதனைப் பொய்யன் என்று அச்சில் ஏற்றினேன். அது பள்ளிப் பாடத்திலும் ஏறியது.

பன்னிரண்டு ஆண்டுக்கு முன் ஒரு காலை, வளையக்கா பதினோரு பக்கங்களோடு என் அறைக்கு வந்தார்.

"சார், அந்த ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"எந்த ரெண்டும்?"

"பலகையும் கல்லும். நிழல் மேற்கேர்ந்து கிழக்கே ஓடுது சார். மேற்கு ஊர்ல விடிஞ்ச கொஞ்ச நேரம், கிழக்கு ஊர்ல உச்சி. ஓரத்துல வளையம், நடுவுல முழுசு. கலப்பு சார். நீங்க எடுத்த பழைய அட்டவணையில பூமி இன்னிக்குச் சுத்தற வேகத்துலயே அன்னிக்கும் சுத்துச்சுன்னு போட்டிருக்கு. பூமி கொஞ்சம் கொஞ்சமா மந்தமாயிட்டு வருது. அதைத் திருத்திப் போட்டா நிழல் ரெண்டு ஊர் மேலயும் நூல் பிடிச்ச மாதிரி போகுது."

அவர் மேசையில் வைத்த கோப்பை நான் திறக்கவில்லை. "காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ரெண்டும் ஒரே கிரகணமா? கணக்குப் போட்டுப் போட்டுக் களைச்சுப் போயிட்டீங்க. ரெண்டு நாள் லீவு எடுங்க" என்றேன்.

அவர் லீவு எடுக்கவில்லை. ஆண்டுக் கூட்டத்தில், இதே மண்டபத்தில், எழுந்து நின்று பேசினார். வளையம் என்ற சொல்லை மூன்றாம் முறை சொன்னபோது நான் குறுக்கிட்டேன். "ஏம்மா, வளையமா, வளையலா? எனக்கு என்னவோ நீங்க கடைக்குக் கிளம்பின மாதிரி தெரியுதே!"

மண்டபம் சிரித்தது. இங்கே இருப்பவர்களில் சிலரும் சிரித்தீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். சிரிக்க வைத்தவன் நான். அவர் தாள்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அன்று மாலையே வளையக்கா என்ற பெயர் தாழ்வாரத்தில் புழங்கத் தொடங்கியது. நீங்கள் அன்போடு அழைத்த பெயர், உங்களில் இளையவர்கள் இரங்கல் அட்டையில் பூப்போட்டு எழுதியிருக்கும் பெயர், என் கேலியில் பிறந்தது. இது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இத்தோடு நின்றிருந்தால் அதை அறியாமை என்று சொல்லித் தப்பித்திருப்பேன். நிற்கவில்லை.

கூட்டத்துக்குப் பிறகு மனம் உறுத்தியது. திருத்திய அட்டவணைப் புத்தகத்தை நூலகத்தில் கையெழுத்திட்டு எடுத்துப் போனேன். மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்து அவருடைய கணக்கை வரி வரியாகப் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மனைவி சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கடைசி வரி வந்தது. நிழல் இரண்டு ஊர்களின் மேலும் சென்றது. அவர் சொன்ன நாள். அவர் சொன்ன நேரம். அவர் சொன்ன வகை. ஒரு புள்ளி பிசகில்லை!

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மறுநாள் அவர் அறைக்குப் போய்க் கைகூப்பியிருக்க வேண்டும். என்ன செய்தேன்? என் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு அச்சகத்தில் இருந்தது. அவருடைய கோப்பின் மேல் 'ஆதாரம் போதாது' என்று எழுதி, என் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அவர் ஆண்டுக்கு ஒரு முறை வந்து கேட்டார். "சார், அந்தக் கோப்பு..."

"பாக்கறேன்மா."

ஐந்து ஆண்டு கேட்டார். பிறகு கேட்கவில்லை. கட்டுரை எதுவும் வெளிவராததால் பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனது. இரண்டு முறையும் அந்தக் குழுவில் நான் இருந்தேன். இரண்டு முறையும் வாய் திறக்கவில்லை. நான் ஓய்வு பெற்ற நாளில் அவர்தான் எனக்கு மாலை போட்டார். அதையும் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் அவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசினேன், மருத்துவரைப் பற்றிப் பேசினேன், என் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினேன். மகள் மருந்து வாங்க வெளியே போனதும் அவரே பேசினார்.

"சார், நீங்க போட்டுப் பாத்தீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"என்னது?"

"அந்த அட்டவணைப் புத்தகம். நீங்க திருப்பிக் குடுத்த அன்னிக்கே நான் எடுத்தேன். அட்டையில எனக்கு முன்னால உங்க கையெழுத்து. நான் கணக்குக்கு எடுத்த பக்கத்துல உங்க பென்சில் புள்ளி. அதுக்கப்புறம் நீங்க என் கண்ணைப் பாத்துப் பேசினதே இல்ல சார்."

"தெரிஞ்சும் ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

பிறகு அவர் ஒன்று கேட்டார். பெயர் கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. "என் பேரு வராட்டி போகுது சார். அந்தப் பலகை எழுதினவன் பொய் சொன்னான்னு உங்க புத்தகத்துல இருக்கே, அதை மட்டும் எடுத்துடுங்க. ஊரே பயந்து உள்ள ஓடியிருக்கும். அவன் ஒருத்தன் வெளிய நின்னு பாத்து, பாத்ததை அப்படியே எழுதியிருக்கான். அவனுக்குன்னு கேக்க யாரு சார் இருக்கா?"

"எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சபையோரே, இதுதான் என் வாழ்க்கையிலேயே எனக்கு மிகவும் கூசுகிற இடம். அப்படி வாக்குக் கொடுத்துவிட்டு வந்த பிறகும் பத்தொன்பது நாட்கள் நான் ஒன்றும் செய்யவில்லை. கடிதத்தை எழுதத் தொடங்கினேன், முதல் வரியிலேயே 'என் பிழை' என்று வந்தது, மூடி வைத்தேன். அவர் தேறி வருவார், அவரிடமே காட்டிவிட்டு அனுப்பலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். இருபதாம் நாள் மகள் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, அம்மா போயிட்டாங்க. கூட்டத்துல நீங்கதான் பேசணும். அம்மா உங்களப் பத்தி ஒரு நாளும் ஒரு சொல் குறையாச் சொன்னதில்ல."

மகளே! நீ பள்ளியில் வரலாறு நடத்துகிறாய். அந்தப் பாடத்தில், 'துறைமுக எழுத்தர் கற்பனையாக எழுதினார்' என்ற வரியை ஆண்டுதோறும் நீயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். அது தவறு என்று உலகத்தில் முதலில் கண்டவர், வீட்டில் உனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர். உன்னிடம்கூட என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் திருந்துவதற்கு இடம் விட்டு வைத்திருந்தார். அந்த இடத்தை நான் காலியாகவே வைத்திருந்தேன். என்னை மன்னிக்கும்படி உன்னிடம் கேட்க மாட்டேன். அவரிடம் கேட்டிருக்க வேண்டியதை உன்னிடம் கேட்டு வாங்கிக்கொள்வது இன்னொரு திருட்டு.

செய்ததைச் சொல்கிறேன். ஓய்வு பெற்றபோது வீட்டுக்கு எடுத்துப்போன அந்தக் கோப்பை நேற்று இயக்குநர் அவர்களிடம் ஒப்படைத்தேன். பதினோரு பக்கமும் அவர் பெயரில், அவர் பெயரில் மட்டும், பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய தேதியோடு வெளிவரும். 'ஆதாரம் போதாது' என்று நான் எழுதியதையும் சேர்த்தே அச்சிடும்படி கேட்டிருக்கிறேன். பதிப்பகத்துக்கும் பாடநூல் குழுவுக்கும் இன்று காலை கடிதம் போய்விட்டது. அதன் முதல் வரியை இந்த மண்டபத்தில் படிக்கிறேன், அவர் தலைகுனிந்து உட்கார்ந்த இந்த மண்டபத்தில்: 'துறைமுகப் பலகையின் எழுத்தர் தாம் கண்டதையே எழுதினார், பிழை என்னுடையது, அதை நிறுவியவர் எங்கள் முதுநிலைக் கணிப்பாளர், அவர் நிறுவியதை அறிந்தே நான் மறைத்தேன்.'

அவர் மேசையில் இன்னும் நாற்பது பழங்காலக் கிரகணக் குறிப்புகள் கணக்குப் போடாமல் கிடக்கின்றன. அவற்றை முடிப்போம் என்று எல்லோரும் உறுதி சொல்லுங்கள். நானும் சொல்கிறேன். ஆனால் தலைவனாக அல்ல. தரைத்தள அறையில் அவரிடம் வேலை கற்ற கணிப்பாளர் தங்கைகள் இருவர் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் எழுத்துகளைப் படித்துச் சொல்வேன். அவர்கள் போடும் கணக்கில் கைவைக்க மாட்டேன். நான் எழுதிய எந்த வரி தவறு என்று அவர்கள் சொன்னாலும், அன்றைக்கே அடித்துத் திருத்துவேன்.

எனக்குப் பிறகு நிகழ்ச்சி நிரலில் துணை இயக்குநர் பேசுவதாக இருக்கிறது. அவரிடம் கேட்டுக்கொண்டேன், அவர் தம் நேரத்தை விட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தத் தங்கைகளில் மூத்தவர் அங்கே ஓரத்தில் நிற்கிறார். கையிலுள்ள தாளை மடிப்பதும் விரிப்பதுமாக இருப்பது இங்கிருந்தே தெரிகிறது.

வாங்கம்மா. மேலே வாங்க. யாரும் குறுக்கே பேச மாட்டாங்க. நான் கீழே உக்காந்து கேக்கறேன்.