இரண்டு பக்கமும் நான்தான் பேசினேன்

இந்த அறையில் ஏர்கான் கொஞ்சம் அதிகம், பிரபாகர். பரவாயில்லை, சால்வை இருக்கிறது. மருத்துவமனைச் சமூக சேவகர் என்றதும் கண்டிப்பான ஆள் வருவார் என்று நினைத்தேன். நீங்கள் தன்மையாகத்தான் பேசுகிறீர்கள். கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் இஞ்ஞாசியை எங்கள் பங்குக் கோயிலில் தெரியாதவர் கிடையாது. ஆங் மோ கியோ வட்டாரத்தில் எந்த அடுக்குமாடி புளோக்கில் சாவு விழுந்தாலும் ஜெபமாலை சொல்ல முதல் ஆளாக நிற்பார். பாடகர் குழு, ஏழைகளுக்கு அரிசி, ஞாயிறு மாலை தேக்கா கடைத்தெருவில் நண்பர்களோடு டீ. ஊருக்கெல்லாம் உபகாரி. வீட்டுக்கு வருவது சாப்பிடவும் தூங்கவும். நான் டெங்கிக் காய்ச்சலில் கிடந்தபோதுகூட யார் வீட்டுத் துக்கத்துக்கோ போய்விட்டார். எரிச்சல் என்றால் அது சின்ன வார்த்தை.

இவருக்கு மலக்குடலில், ஆசனவாய்க்குக் கொஞ்சம் மேலே, புற்று என்றார்கள். டாக்டர் ஸைஃப் படம் போட்டு விளக்கினார். சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டும் செய்யலாம், வயிற்றைத் திறந்தும் செய்யலாம். இவருக்கு இரண்டுமே பொருந்தும், புற்றை எடுப்பதில் பெரிய வித்தியாசம் இருக்காது. துளை வழி என்றால் வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடமாடலாம். எப்படிச் செய்தாலும் குடலை இணைத்த இடம் ஆறும்வரை சில மாதம் வயிற்றில் ஒரு திறப்பு வைத்து மலம் சேரப் பை மாட்டியிருக்கும், பிறகு அதை எடுத்து மூடிவிடலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றும் கேட்டார். இவருக்குக் கடைத்தெரு ஆங்கிலம்தான். நான் கிளினிக்கில் வேலை பார்த்தவள். வேண்டாம், நான் இருக்கிறேன் என்றேன். எங்கள் ஆட்களில் மனைவி பக்கத்தில் இருக்கும்போது அந்நியரை யார் கூப்பிடுவார்கள்?

"என்னவாம் ஆனி? சீக்கிரம் எந்திரிச்சுடலாமா? திருவிழாவுக்குப் பாட்டு பிராக்டிஸ் இருக்கு லா," என்றார்.

உடம்பில் புற்று, வாயில் திருவிழா. "துளை போட்டா முழுசா எடுக்க முடியாதாம். திறந்துதான் பண்ணணுமாம்," என்றேன். டாக்டரிடம், இவருக்குக் கேமராவில் நம்பிக்கை இல்லை, திறந்தே செய்யச் சொல்கிறார் என்றேன். டாக்டர் இவரைப் பார்த்து, "ஓப்பன், ஓகேவா அங்கிள்?" என்றார். இவர் தலையாட்டினார்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. தையல் ஆறத்தான் நாளானது. பை கசியுமோ, நாறுமோ என்று கூச்சப்பட்டு இவர் வெளியே போகவே இல்லை. பாடகர் குழு ஆட்கள் வந்தால் கதவைச் சாத்தச் சொன்னார். பை மாற்ற என் கைதான் வேண்டும். என் சமையல் நன்றாக இருக்கிறது என்று சொல்லப் பழகினார். சாயங்காலம் சேர்ந்து டீவி பார்த்தோம்.

பிறகு டாக்டர் ஸைஃப், இணைப்பு ஆறிவிட்டது, பையை எடுத்துத் திறப்பை மூடிவிடலாம் என்றார். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒட்டலையாம்ங்க. ஆயுசுக்கும் பைதானாம்."

அழுதார். இன்னொரு ஆபரேஷனுக்குப் பயப்படுகிறார், இப்படியே இருக்கட்டும் என்கிறார் என்று டாக்டரிடம் சொன்னேன். அவசரமில்லை, யோசியுங்கள் என்றார். டாக்சியில் இவர் என் தோளில் சாய்ந்து வந்தார். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சாய்ந்ததில்லை. அடுத்த முறையும் டாக்டரிடம் அதையே சொன்னேன்.

இன்று பையைப் பார்க்க வந்த தாதி புதியவள், ஆஸ்மா. அவளுக்குத் தமிழ் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. "ஏன் அங்கிள் இன்னும் மூடாம இருக்கீங்க? எல்லாம் ஆறிடுச்சே," என்று நேராக அவரிடமே கேட்டுவிட்டாள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஆம், பொய் சொன்னேன். அவரிடமும் சொன்னேன், டாக்டரிடமும் சொன்னேன். ஆனால் பட்டினி போட்டேனா, முகம் சுளித்தேனா? என்னைப்போல அவரை யாராலும் கவனித்திருக்க முடியாது.

இப்போது மொழிபெயர்க்க ஆஸ்மாவை வைத்துக்கொண்டு டாக்டரிடம் பேசுகிறார், என்னோடு வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறார் என்று சொல்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்கு அவரைப் பற்றி என்ன தெரியும்? கதவைத் திறங்கள், பிரபாகர். அவர் என்ன சொல்ல வருகிறார் என்று டாக்டருக்கு நான் சொல்கிறேன்.